இ-ஃபியூஸ் எரிக்கும் சப்ளை: எப்போதும் அணைந்தே இருக்க வேண்டிய 1.8 வோல்ட்

ஒரு ப்ராசஸர் டேட்டாஷீட்டில் சப்ளை பின்களின் பட்டியலைப் பார்த்தால் கோர், டிடிஆர், ஐஓ, அனலாக் என்று வரிசையாக வரும். கடைசியில் எங்கேயோ விபிபி என்று ஒற்றைப் பின் ஒன்று ஒதுங்கி நிற்கும். அதுவும் 1.8 வோல்ட்தானே, போர்டில் ஏற்கெனவே இருக்கிற 1.8 ரெயிலிலேயே (சப்ளை லைனிலேயே) சேர்த்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சிப்புக்குள் இருக்கும் இ-ஃபியூஸ்களை எரிப்பதற்காகவே இருக்கிற பின் அது. போர்டின் மொத்த ஆயுளில் சில நொடிகள்தான் அங்கே வோல்ட்டேஜ் வரவேண்டும், மற்ற நேரமெல்லாம் வரவே கூடாது. இந்தச் சப்ளையை வடிவமைக்கும்போது எல்லோரும் "எவ்வளவு கரன்ட் தரவேண்டும்" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், அது தராமல் இருக்கும் நேரத்தைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வீட்டில் ஃபியூஸ் போனால் கட்டையைக் கழற்றிப் புதுக் கம்பி சுற்றிவிடுவோம். சிப்புக்குள் இருப்பதை அப்படி மாற்ற வழியே இல்லை, எரிந்தது எரிந்ததுதான். ஒவ்வொரு ஃபியூஸும் ஒரு பிட். எரியாமல் இருந்தால் ஒரு மதிப்பு, எரிந்திருந்தால் இன்னொன்று. திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது என்பதால்தான் இதில் முக்கியமான விஷயங்களை வைக்கிறார்கள்: எந்தச் சாவியால் கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் பூட் செய்யவேண்டும், ஜேடேக் (சிப்பின் உள்ளே பார்த்துச் சோதிக்கும் வாசல்) திறந்திருக்கலாமா மூடியிருக்கவேண்டுமா, மேக் முகவரி என்ன, எந்தப் பதிப்புக்குக் கீழே இறங்கக்கூடாது, இப்படி. நின்டெண்டோ ஸ்விட்ச் பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பவிடாமல் தடுப்பது இந்த மாதிரி ஃபியூஸ்களை வைத்துத்தான். சில அப்டேட்களின்போது ஒரு ஃபியூஸ் எரியும், எரிந்த எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் பழைய ஃபர்ம்வேர் பூட் ஆக மறுத்துவிடும். ராஸ்பெர்ரி பை 3-இல் யுஎஸ்பி பூட்டை இயக்குவதற்காக கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி சேர்த்திருந்தால், நீங்களே ஒரு ஓடிபி (ஒரே தடவை மட்டும் எழுதக்கூடிய) பிட்டை நிரந்தரமாக மாற்றியிருக்கிறீர்கள். அந்த வரியை அப்புறம் அழித்தாலும் பிட் மாறாது.

எரிவது என்று சொல்கிறோமே தவிர, சரியாக நடந்தால் அங்கே நெருப்பும் இல்லை, உருகலும் இல்லை. ஃபியூஸ் என்பது மிகச் சின்னதாக ஒடுங்கிய ஒரு பாலிசிலிக்கன் பட்டை. அதன் மேல் மெல்லிய சிலிசைடு படலம் இருக்கும், கரன்ட் பெரும்பாலும் அந்தப் படலத்தின் வழியாகவே போகும் என்பதால் ரெசிஸ்டன்ஸ் சுமார் 100 ஓம் அளவில் குறைவாக இருக்கும். அளவாகக் கூடுதல் கரன்ட் செலுத்தினால் எலக்ட்ரான்களின் ஓட்டமே சிலிசைடு அணுக்களைத் தள்ளிக்கொண்டு போய்விடும், இதை எலக்ட்ரோமைக்ரேஷன் என்கிறார்கள். படலம் விலகிய இடத்தில் வெறும் பாலிசிலிக்கன்தான் மிச்சம், ரெசிஸ்டன்ஸ் பல கிலோ ஓமுக்கு ஏறிவிடும். ஐபிஎம் 2004-இல் அறிவித்த இ-ஃபியூஸ் இந்த வழியில் வேலை செய்தது.

இங்கேதான் சப்ளையின் தரம் உள்ளே வருகிறது. கரன்ட் குறைந்துபோனால் சிலிசைடு பாதி நகர்ந்து பாதி நிற்கும், ரெசிஸ்டன்ஸ் நடுவில் எங்கேயோ தொங்கும். படிக்கும் சர்க்யூட் அதை இன்று 1 என்று படிக்கும், சூடு மாறினால் 0 என்று படிக்கலாம். கரன்ட் கூடிப்போனால் பட்டை உருகி வெடித்து, பக்கத்தில் இருப்பதைக் கெடுக்கும், அல்லது உருகிய பொருள் திரும்ப ஒட்டிக்கொண்டு நாளடைவில் ரெசிஸ்டன்ஸ் இறங்கும். இரண்டுமே மோசம், ஏனென்றால் சோதனை மேசையில் எல்லாம் சரியாகத் தெரியும், போர்டு எங்கோ ஒரு தொழிற்சாலைப் பெட்டிக்குள் உட்கார்ந்த பிறகுதான் பிரச்சினை எழும். சில சிப்களில் பிழை திருத்தும் பிட்டுகளும் கூடவே எரிக்கப்படும், அது ஓரளவுக்குக் காப்பாற்றும். ஆனால் பொதுச் சாவியின் ஹாஷில் (சாவியிலிருந்து கணக்கிட்டு ஃபியூஸ்களில் எழுதும் சுருக்க எண்ணில்) திருத்த முடியாத அளவுக்குத் தவறு நேர்ந்துவிட்டால் எந்தக் கையெழுத்தும் பொருந்தாது, அந்த ப்ராசஸரைக் கழற்றி எறிவதைத் தவிர வேறு வழி கிடையாது.

பேச்சு பொதுவாகவே போனால் கையில் எதுவும் நிற்காது, அதனால் ஒரு சிப்பை எடுத்துக்கொள்வோம்: டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்62எக்ஸ். இதில் விபிபி பின்னுக்கு ஃபியூஸ் எரிக்கும்போது 1.71 முதல் 1.89 வோல்ட் வரை இருக்கலாம், அதாவது 1.8-க்கு மேலும் கீழும் 90 மில்லிவோல்ட். எரிக்கும்போது இழுக்கும் கரன்ட் 400 மில்லிஆம்பியர் வரை போகலாம். வோல்ட்டேஜ் ஏறும் வேகம் நொடிக்கு 60,000 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. பவர்-அப், பவர்-டவுன், சாதாரண இயக்கம் ஆகிய எல்லா நேரத்திலும் விபிபி அணைந்திருக்க வேண்டும், மற்ற எல்லா ரெயில்களும் வரிசைப்படி ஏறி முடிந்த பிறகுதான் இதை ஏற்றலாம். இவ்வளவுதான் நிபந்தனை. பார்க்க எளிமையாக இருக்கும், ஆனால் இந்த நாலும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும்.

90 மில்லிவோல்ட் எங்கெல்லாம் செலவாகிறது என்று கணக்குப் போடுங்கள். வழக்கமாக இங்கே 500 மில்லிஆம்பியர் தரும் ஒரு எல்டிஓ (கூடுதல் வோல்ட்டேஜிலிருந்து நிலையான குறைந்த வோல்ட்டேஜ் தரும் ரெகுலேட்டர்) போடுவோம். அதன் துல்லியம் எல்லா வெப்பநிலையிலும் 1.5 சதவீதம் என்றால் 27 மில்லிவோல்ட் அங்கேயே போயிற்று, மிச்சம் 63. அடுத்தது ட்ரேஸ், அதாவது போர்டில் ஓடும் காப்பர் கோடு. ஒரு அவுன்ஸ் தடிமன் காப்பரில் ஒரு சதுரத்துக்கு (நீளமும் அகலமும் சமமான துண்டுக்கு) சுமார் அரை மில்லிஓம். லேஅவுட் செய்பவர் இது ஏதோ சின்ன சிக்னல் என்று நினைத்து 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் 50 மில்லிமீட்டர் நீளத்துக்கு இழுத்துவிட்டால் 250 சதுரம், 125 மில்லிஓம், 400 மில்லிஆம்பியரில் 50 மில்லிவோல்ட் இழப்பு. கையில் 13 மில்லிவோல்ட்தான் நிற்கிறது, இன்னும் லோடு திடீரென்று மாறும் கதைக்கே வரவில்லை. அதே ட்ரேஸை 1 மில்லிமீட்டர் அகலமாக்கினால் இழப்பு 10 மில்லிவோல்ட், 53 மிச்சம். ஸ்கீமாட்டிக்கில் இந்த நெட்டின் பக்கத்தில் "400 மில்லிஆம்பியர், அகலமாக" என்று எழுதிவைத்துவிடுங்கள். ஒரு வரிதான், ஆனால் லேஅவுட் செய்பவருக்கு அதைவிட உதவியான குறிப்பு கிடையாது.

சரி, லோடு மாறுவதைப் பார்ப்போம். ஃபியூஸ் எரிப்பது துண்டு துண்டாக நடக்கும். கரன்ட் ஒன்றுமில்லாமல் இருந்து சட்டென்று நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியருக்குத் தாவும், பிறகு விழும், மறுபடி தாவும். எல்டிஓ இதை உணர்ந்து சரிசெய்யச் சில மைக்ரோவினாடிகள் ஆகும். அதுவரை கரன்ட் தரவேண்டியது பின்னுக்குப் பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டர். 5 மைக்ரோவினாடி தாமதம், 400 மில்லிஆம்பியர் என்று வையுங்கள். வெறும் 2.2 மைக்ரோஃபாரட் இருந்தால் வோல்ட்டேஜ் 0.9 வோல்ட் சரியும், ஃபியூஸ் எரிப்பது நடக்காது. 22 மைக்ரோஃபாரடில் 91 மில்லிவோல்ட், இன்னும் எல்லைக்கு வெளியேதான். 47 மைக்ரோஃபாரடில் 43 மில்லிவோல்ட், நம்மிடம் மிச்சமிருக்கும் 53-க்குள் அடங்கிவிடுகிறது. எல்டிஓ 5 மைக்ரோவினாடியும் சும்மா இருக்காது, முன்னாடியே கொஞ்சம் தள்ள ஆரம்பித்துவிடும் என்பதால் உண்மையில் இதைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் திரும்பச் செய்யமுடியாத ஒரு வேலைக்கு மோசமான கணக்கை வைத்தே வடிவமைப்பது நல்லது. பெரிய கெப்பாசிட்டரோடு 0.1 மைக்ரோஃபாரட் ஒன்றையும் பின்னுக்கு நேர் கீழே வையுங்கள். இந்த எல்டிஓ இவ்வளவு கெப்பாசிட்டன்ஸை அலையாமல் தாங்குமா என்று அதன் டேட்டாஷீட்டிலும் ஒரு பார்வை பாருங்கள்.

அந்தப் பெரிய கெப்பாசிட்டருக்கு இன்னொரு நன்மையும் உண்டு, ஏறும் வேகம். நொடிக்கு 60,000 வோல்ட் என்றால் பயப்பட ஏதோ பெரிய எண் போலத் தெரியும், ஆனால் 1.8 வோல்ட்டுக்கு அது 30 மைக்ரோவினாடி மட்டுமே. அதைவிட வேகமாக ஏறக்கூடாது. பொதுவாகச் சிப்களின் சப்ளை பின்களில் நிலைமின் பாதுகாப்புக்காக ஒரு கிளாம்ப் இருக்கும், வோல்ட்டேஜ் மிக வேகமாக ஏறினால் அது நிலைமின் தாக்குதல் என்று நினைத்துத் திறந்துகொண்டு கரன்ட்டைக் கிரவுண்டுக்கு வாரி இறைக்கும். ஃபியூஸ்கள் இருக்கும் பின்னில் அந்தக் குழப்பம் நமக்கு வேண்டாம். எல்டிஓவில் சாஃப்ட்-ஸ்டார்ட் (வோல்ட்டேஜை மெதுவாக ஏற்றும் வசதி) இல்லை, கரன்ட் லிமிட் 0.8 ஆம்பியர் என்று வைத்தால், 1 மைக்ரோஃபாரடை அது நொடிக்கு 8 லட்சம் வோல்ட் வேகத்தில் ஏற்றும். எல்லையைப் போல 13 மடங்கு! 47 மைக்ரோஃபாரட் இருந்தால் அதே கரன்ட்டில் வேகம் நொடிக்கு 17,000 வோல்ட், 1.8-ஐ எட்ட 100 மைக்ரோவினாடிக்குக் கொஞ்சம் கூட. ஆக, சரிவைத் தடுக்கப் போட்ட கெப்பாசிட்டரே ஏறும் வேகத்தையும் அடக்கிவிடுகிறது.

எல்டிஓ எதற்கு, ஐஓவுக்கு இருக்கும் 1.8 ரெயிலிலிருந்து ஒரு லோடு ஸ்விட்ச் வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. செலவு கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் ஸ்விட்ச் எதையும் சரிசெய்யாது. மூல ரெயில் எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவும் விபிபியில் தெரியும், அதன்மேல் ஸ்விட்ச்சின் ரெசிஸ்டன்ஸில் விழும் வோல்ட்டேஜும் சேரும். அதைவிடப் பெரிய சங்கடம், ஸ்விட்ச் ஆன் ஆகும் நொடியில் காலியாக இருக்கும் கெப்பாசிட்டர் மூல ரெயிலையே கீழே இழுக்கும், அதே ரெயிலில்தான் ப்ராசஸரின் ஐஓ ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபியூஸ் எரிக்கப்போகும் நேரத்தில் ப்ராசஸர் தடுமாறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். 3.3 வோல்ட்டிலிருந்து 1.8 தரும் தனி எல்டிஓ, அதை ஆன்-ஆஃப் செய்யும் எனேபிள் பின்னோடு, அணைக்கும்போது அவுட்புட்டைத் தானே கிரவுண்டுக்கு வடிக்கும் வகை: என் தேர்வு இதுதான்.

இனி அணைந்திருக்கும் நிலை. இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன்.

ஏன் அணைந்திருக்க வேண்டும்? ஒவ்வொரு ஃபியூஸுக்கும் கரன்ட்டைத் திறந்துவிட ஒரு ட்ரான்சிஸ்டர் இருக்கிறது, அதைக் கட்டுப்படுத்துவது கோர் வோல்ட்டேஜில் ஓடும் லாஜிக். கோர் இன்னும் முழுசாக ஏறாதபோது, அல்லது பவர் போய்க் கோர் இறங்கிக்கொண்டிருக்கும்போது, அந்த லாஜிக் என்ன நிலையில் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்தச் சமயத்தில் விபிபியில் 1.8 வோல்ட் தயாராக நின்றால், எரியக்கூடாத ஃபியூஸ் ஒன்று எரிய வழி இருக்கிறது. விபிபியில் ஒன்றுமே இல்லையென்றால் லாஜிக் எப்படித் தடுமாறினாலும் எரிக்கக் கரன்ட் கிடையாது.

எனவே எனேபிள் பின்னுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று கிரவுண்டுக்குப் போகவேண்டும், யாரும் ஓட்டாதபோது எல்டிஓ அணைந்தே இருக்கும்படி. அதை ஓட்டும் ஜிபிஐஓவை (ப்ராசஸரில் மென்பொருள் ஏற்றி இறக்கக்கூடிய பொதுப் பின்னை) தேர்ந்தெடுக்கும்போது, ரீசெட் நேரத்தில் அந்தப் பின் உள்ளுக்குள் மேலே இழுக்கப்படுகிறதா, பூட் மோடு படிக்கும் பின்னாக வேறு வேலையும் பார்க்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூட் மோடு பின்னில் மேலே இழுக்கும் ரெசிஸ்டர் ஏற்கெனவே இருந்தால், நீங்கள் போட்ட 10 கிலோ ஓம் தோற்றுப்போகும்.

ஐஓ எக்ஸ்பாண்டர் (ப்ராசஸருக்குக் கூடுதல் பின்கள் தரும் தனிச் சிப்) வழியாக எனேபிள் கொடுப்பவர்கள் நிறையப் பேர், பின்கள் பத்தாதபோது அது இயல்புதான். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பெரும்பாலான எக்ஸ்பாண்டர்களில் பவர்-அப் ஆனதும் பின்கள் இன்புட்டாக இருக்கும், அதனால் முதல் தடவை எல்லாம் சரி. ஆனால் ஃபியூஸ் எரிக்கும் நடுவில் வாட்ச்டாக் (மென்பொருள் தொங்கினால் ரீசெட் செய்யும் டைமர்) அடித்து ப்ராசஸர் மட்டும் ரீசெட் ஆனால்? எக்ஸ்பாண்டருக்கு அது தெரியாது, கடைசியாகச் சொன்னதையே பிடித்துக்கொண்டு எனேபிளை மேலேயே வைத்திருக்கும், ப்ராசஸர் புதிதாகப் பூட் ஆகும்போது விபிபி 1.8-இல் நிற்கும். எக்ஸ்பாண்டரின் ரீசெட் பின்னை ப்ராசஸரின் ரீசெட்டோடு சேர்த்துவிட்டால் இது தீரும். பிஎம்ஐசியில் (பல ரெயில்களை ஒன்றாகத் தரும் பவர் சிப்பில்) மிச்சமிருக்கும் எல்டிஓவைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே மாதிரி ஒன்று: அந்த எல்டிஓ பவர்-அப் வரிசையில் தானாகவே எழும்படி பிஎம்ஐசிக்குள் எழுதிவைத்திருக்கிறார்களா என்று பார்க்காமல் அதைத் தொடாதீர்கள்.

அணைத்தவுடன் வோல்ட்டேஜ் இறங்கவும் வேண்டும். 47 மைக்ரோஃபாரடில் நிற்கும் சார்ஜ் தானாக எங்கும் போகாது. எல்டிஓ வடிக்கும் வசதி உள்ளதாக இருந்தாலும், வெளியே 1 கிலோ ஓம் ஒன்றும் சேர்த்து வைக்கலாம். அது மட்டுமே வடித்தாலும் கால் நொடிக்குள் ஏறக்குறைய சுழிக்கு வந்துவிடும், இயங்கும்போது 1.8 மில்லிஆம்பியர் கூடுதலாக இழுக்கும், அது ஒரு பொருட்டே இல்லை. கசிவு கரன்ட் ஏதாவது இருந்தாலும் அது பின்னை மேலே தூக்காமல் இந்த ரெசிஸ்டர் பார்த்துக்கொள்ளும்.

போர்டிலேயே இந்த எல்டிஓ வேண்டுமா, தொழிற்சாலையில் ஜிக்கிலிருந்து (போர்டை மாட்டிச் சோதிக்கும் சாதனத்திலிருந்து) ஒரு டெஸ்ட் பாயின்ட் வழியாகக் கொடுத்தால் போதாதா? நீங்கள் சாவியை ஒரே ஒரு தடவை எரித்து அனுப்பிவிடுவீர்கள், அதற்குப் பிறகு எதுவும் எரிக்கத் தேவையில்லை என்றால் ஜிக் நல்ல வழிதான். போர்டுக்கான செலவு குறையும், களத்தில் யாரும் மென்பொருள் வழியாக விபிபியை ஏற்றி ஃபியூஸ்களைக் கெடுக்க முடியாது என்ற நிம்மதியும் கூடவே கிடைக்கும். ஆனால் அப்டேட் அனுப்பும்போது பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாதபடி எண்ணிக்கை ஃபியூஸை ஏற்றவேண்டும் என்ற திட்டம் இருந்தால், வாடிக்கையாளர் வீட்டில் இருக்கும் போர்டிலேயே 1.8 வோல்ட் கிடைக்கவேண்டும். இதை முதல் போர்டு போடுவதற்கு முன்பே மென்பொருள் ஆட்களோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஜிக் என்று முடிவானாலும் பெரிய கெப்பாசிட்டரும் வடிக்கும் ரெசிஸ்டரும் போர்டில், பின்னுக்குப் பக்கத்தில்தான் இருக்கவேண்டும். ஒரு மீட்டர் வயருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் இருக்கும், மேசை மேல் இருக்கும் பவர் சப்ளையிலிருந்து அந்த வயர் வழியாக வேகமாகத் தாவும் கரன்ட் வந்து சேர்வதற்குள் வோல்ட்டேஜ் விழுந்துவிடும்.

எல்லா சிப்புக்கும் இதே எண்களை வைக்காதீர்கள். மைக்ரோசிப்பின் சாமா5டி2-வில் ஃபியூஸ் சப்ளை 2.5 வோல்ட், படிப்பதற்கு மட்டும் என்றால் 100 ஓம் வழியாகக் கிரவுண்டில் கட்டிவிடலாம். என்எக்ஸ்பியின் லேயர்ஸ்கேப் எல்எஸ்1043ஏ-வில் எரிக்கும்போது 1.8, மற்ற நேரம் கிரவுண்டில் இருந்தே ஆகவேண்டும். எரிப்பதற்கென்று தனி வெப்பநிலை வரம்பும் அங்கே உண்டு, அதனால் சூட்டுப் பெட்டிச் சோதனைக்குப் போன போர்டை அப்படியே எடுத்துவந்து எரிக்கக்கூடாது. ஈஎஸ்பி32 போன்றவற்றில் தனிப் பின்னே இல்லை, எல்லாம் உள்ளேயே நடக்கிறது; அங்கே எரிக்கும் கருவி, பெரிய எழுத்தில் "பர்ன்" என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால்தான் மேலே போகும். அந்தச் சின்னத் தடங்கல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மென்பொருள் பக்கத்தில் வரிசை இப்படி: போர்டு முழுசாகப் பூட் ஆகட்டும், எரிக்கும் ப்ரோக்ராம் மெமரியில் ஏறட்டும், வாட்ச்டாக் நடுவில் அடிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், விபிபியை ஏற்றிச் சில மில்லிவினாடி காத்திருங்கள், எரியுங்கள், திரும்பப் படித்துச் சரிபாருங்கள், அப்புறம் விபிபியை அணையுங்கள். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்பில் சாவி எரிந்து முடிந்தால் கையெழுத்திட்ட மென்பொருள் மட்டும்தான் பூட் ஆகும், அதனால் முதல் போர்டில் சோதனைச் சாவியை வைத்து எரிப்பவர்கள் அந்த போர்டுக்கு உடனே ஒரு லேபிள் ஒட்டிவிடுவது நல்லது.

ஆனால் அந்த முதல் போர்டுக்கே போவதற்கு முன்னால் சப்ளையைப் பொய் லோடில் ஓட்டிப் பாருங்கள். ப்ராசஸர் பொருத்தாத போர்டு ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. 4.7 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றையும் சின்ன மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் போல வேலை செய்யும் ட்ரான்சிஸ்டர்) ஒன்றையும் தொடராக, பின்னுக்குப் பக்கத்து கெப்பாசிட்டர் மேலேயே நேரடியாகச் சால்டர் செய்யுங்கள்; 1.8 வோல்ட்டில் 383 மில்லிஆம்பியர் இழுக்கும், நமக்கு வேண்டியதற்கு மிக அருகில். மாஸ்ஃபெட்டின் கேட்டைச் சிக்னல் ஜெனரேட்டரால் தட்டுங்கள். ஸ்கோப் (ஆஸிலோஸ்கோப்) புரோபின் நீளமான கிரவுண்ட் வயரைக் கழற்றிவிட்டு, முனையில் மாட்டும் சின்ன ஸ்பிரிங்கை வைத்து அதே கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளிலும் அளந்தால்தான் உண்மையான சரிவு தெரியும், இல்லாவிட்டால் அந்த வயரின் இரைச்சலைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். ஸ்கோப்பில் தெரியும் கோடு 1.71-க்குக் கீழே எங்கும் இறங்கக்கூடாது, தட்டு நிற்கும்போது 1.89-க்கு மேலே தாவவும் கூடாது. எனேபிளை வைத்து ட்ரிகர் செய்து ஏறும் பகுதியையும் பிடித்து, ஏற்றத்தின் மிகச் செங்குத்தான இடத்தில் வேகத்தை அளந்துகொள்ளுங்கள்.

அது முடிந்ததும் பொய் லோடை எடுத்துவிட்டு, ப்ராசஸர் உள்ள போர்டில் ஸ்கோப் ட்ரிகரை விபிபியில் 0.3 வோல்ட்டுக்கு வைத்து, ஒரே தடவை பிடிக்கும் நிலையில் விடுங்கள். போர்டை ஆன் செய்யுங்கள், ஆஃப் செய்யுங்கள், ரீசெட் பட்டனை அழுத்துங்கள், பூட் ஆகிக்கொண்டிருக்கும்போதே அடாப்டரைப் பிடுங்குங்கள், உடனே திரும்பச் செருகுங்கள், லினக்ஸிலிருந்து ரீபூட் கொடுங்கள். இதில் ஒரு தடவை ட்ரிகர் ஆனாலும் எனேபிள் பின்னிலிருந்து தேட ஆரம்பியுங்கள். ஒரு தடவைகூட ஆகவில்லையென்றால் சாவியை எடுத்துக்கொண்டு வரலாம்.